சாம்பலால் எழுதிய சித்திரம்

2019 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைத் தீவெங்கும் இளைஞர்கள் தூரிகையும் வண்ணக் கலமுமாக வீதிக்கு வந்தனர். நவம்பர்த் தேர்தலைத் தொடர்ந்து எழுந்த அவ்வேகம் தெற்கிலே தொடங்கி வடக்கின் நகரங்களையும் எட்டிற்று. பண்டை அரசரும், போர் வீரரும், மலரும், பறவையும் மதில்களில் இடம் பெற்றனர். எதை வரையலாம், எவர் வரையலாம் என்னும் வாதமும் உடன் எழுந்தது. வெறுஞ் சுவரைக் கண்டால் உருவெழுத முற்படுவது புதிய நாகரிகம் என அப்போது சிலர் கருதினர். வன்னி நிலத்தைப் பொறுத்தவரை அதனினும் பழமையான தொழில் வேறில்லை எனலாம்.

ஆயினும், வன்னியின் பழைய சுவரோவியனைத் தேடி ஊருக்குள் செல்வதாற் பயனில்லை. மண் சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீட்டிலே சித்திரம் எத்தனை மாரியைத் தாங்கும்? பின்னாளில் எழுந்த கல்வீடுகளிற் பலவும் 2009 இல் முடிவுற்ற போரிலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மண்ணோடு மண்ணாயின. தேடுவோன் காட்டுப் பாறைகளிடந்தான் செல்லல் வேண்டும்.

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலே கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. பரணவிதான 1970 இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியிலே அவை இடம் பெற்றுள்ளன. தமிழ வணிகனும் இல்லறத்தானுமாகிய விசாகன் என்பான் அங்கே படிக்கட்டு அமைத்துக் கொடுத்தான் என்பது அவற்றாற் புலனாகின்றது. பொருள் கொடுத்தவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றது; உளி பிடித்தவன் பெயர் இல்லை. உளியும் பொருளும் இன்றி, விரலால் மட்டும் பாறையில் எழுதியவரைப் பற்றிக் கேட்பானேன்?

அத்தகையோர் எழுதியவற்றைக் காண வவுனியாவுக்குத் தென்மேற்கே, அருவியாற்றங்கரையில் அமைந்த தந்திரிமலைக்குச் செல்லலாம். இன்றைய நிருவாகப் பிரிவின்படி அது அநுராதபுர மாவட்டம். ஆனால் காட்டுக்கு மாவட்ட எல்லை தெரியாது. பழைய வழக்கிலே வன்னி என்னும் பெயரும் அந்நிலம் வரை பரந்திருந்தது. சிங்களவர் மல்வத்து ஓயா என வழங்கும் அவ்வாறு அங்கிருந்து வடமேற்கே சென்று மன்னார்க் கடலிற் கலக்கின்றது. மலையின் ஒரு புறத்தே பாறையிற் செதுக்கிய பெரிய புத்தர் சிலைகள். மற்றொரு புறத்தே குகைச் சுவரிலே குச்சி குச்சியாக நிற்கும் மனித உருவங்களும் விலங்குகளும். தொல்பொருட் பகுதியைச் சேர்ந்த ஜோன் ஸ்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இம்மலையைப் பற்றி எழுதினார்.

இவற்றை எழுதியவர் யாவர்? வேடர் என்பது பொதுவான கருத்து. வன்னிப் பாறைகளில் எழுதியவர்களை நேரிற் கண்டு கேட்டவர் இலர். ஆனால் தீவின் கிழக்குப் புறக் காடுகளிலே வாழ்ந்த வேடரிடம் அக்கேள்வி கேட்கப்பட்டது. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டாவும் அவர்களிடையே உலவினர். 1911 இல் தம் நூலை வெளியிட்டனர். அந்நூல் தரும் செய்தி வியப்புக்குரியது. குகைச் சுவரில் வரைந்தோர் பெண்களாம். ஆடவர் வேட்டைக்குச் சென்றிருக்கையில், அவர் வரவை எதிர்நோக்கியிருந்த பெண்கள் அடுப்புச் சாம்பலை உமிழ்நீரிற் குழைத்துச் சுட்டு விரலாற் பாறையிலே தீட்டினர். நாயும் மனிதனும் சிறுத்தையும் இவ்வாறு உருப்பெற்றன. சிறுத்தையின் புள்ளிகளுக்குக் கரி உதவிற்று.

பொழுதுபோக்காக வரைந்தோம் என்று அவர்கள் கூறியதைக் கொண்டு, இவை பொருளற்ற கிறுக்கல்கள் என ஒதுக்கியோர் உளர். அது பொருந்தாது. வேட்டைக்குப் போனவன் திரும்புவானா என்று அறியாத நேரத்திலே அவனது நாயையும், அவனைக் கொல்லக்கூடிய விலங்கையும் ஒருத்தி ஏன் வரைகிறாள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்னியரான விருந்தினர் கேட்டபோது 'சும்மாதான்' என்று விடை சொல்வது எந்நாட்டுப் பெண்ணுக்கும் இயல்பே. அரிசி மாவைக் கிள்ளி வாசலிலே கோலமிடுபவளைக் கேட்டாலும் வேறு விடை கிடைப்பது அரிது. விரலே தூரிகை, வீட்டுப் பொருளே வண்ணம். மாவுக்கும் சாம்பலுக்கும் உள்ள தூரம் பெரிதன்று.

இங்கே சிகிரியாவை ஒரு கணம் நினைக்கலாம். ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னனின் ஓவியர் பாறைமேற் சாந்து பூசி, அதனை வழவழப்பாக்கி, அதன்மேல் வண்ணம் தீட்டினர். அரசன் ஆணையும் களஞ்சியமும் அவர்கள் பின்னே நின்றன. வேடுவச்சிக்கு வெறும் பாறையே சுவர்.

தந்திரிமலை உருவங்களுக்குப் பல ஆயிரம் ஆண்டு வயது கூறுவோர் உளர். எச்சரிக்கையோடு ஏற்க வேண்டிய கூற்று அது. உமிழ்நீரிற் குழைத்த சாம்பல், மழை படாத உட்சுவரிலன்றி நெடுநாள் நிற்காது. ஒரு தலைமுறை எழுதியதன்மேல் மற்றொரு தலைமுறை எழுதியிருத்தலும் கூடும். ஆகையால் ஒரே சுவரிலே பாட்டியின் விரலும் பேர்த்தியின் விரலும் பதிந்திருக்கலாம். எது எவருடையது எனப் பிரித்தறிதல் எளிதன்று.

செலிக்மன் தம்பதியர் கேட்ட காலத்திலேயே வேடரிற் பலர் சேனைப் பயிரிலும் அயலூர்க் குடிவாழ்விலும் கலந்து கொண்டிருந்தனர். குகையை விட்டு மண் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பாறைச் சுவர் இல்லாமற் போயிற்று. அடுப்பும் சாம்பலும் மாத்திரம் உடன் வந்தன.