திண்ணையும் பள்ளிவாசலும்: தமிழ்த் தன்வரலாறுகளில் கல்வி

முன்னுரை

தமிழ் வகுப்புகளில் வாழ்க்கை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் துணைப்பாடமாகவே பயிலப்பட்டு வந்துள்ளன. பெரியோர் ஒருவரின் நற்பண்புகளை மாணவர்க்கு உணர்த்துவதோடு அந்நூல்களின் பயன் முடிந்துவிடுவதாகக் கருதும் போக்கும் உண்டு. ஆனால் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் தமிழ்நாட்டில் யார் கற்றனர், யாரிடம் கற்றனர், கற்க வந்து வாயிலில் நின்றவர் யார் என்னும் வினாக்களுக்கு அரசு ஆவணங்களைக் காட்டிலும் நெருக்கமான விடை தருவன தன்வரலாறுகளே. அவ்வகையில் வாசிக்கத்தக்க சில நூல்களைச் சுட்டி, அவற்றைத் தனித்தனியே அன்றி ஒன்றோடொன்று இணைத்து வாசிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

உ.வே.சா.வின் இரு நூல்கள்

உ.வே.சாமிநாதையரின் (1855-1942) ‘என் சரித்திரம்’ 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வெளிவந்தது. ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாமல் நின்ற இத்தொடர் 1950இல் நூல்வடிவம் பெற்றது. பழைய முறையில் தமிழ் கற்ற ஒரு மாணவரின் அன்றாட வாழ்வை இத்துணை விரிவாகக் கூறும் நூல் வேறில்லை எனலாம். ஆசிரியரைத் தேடித் தந்தையோடு ஊர் ஊராக அலைந்தது, உணவுக்கும் உறைவிடத்துக்கும் பிறரை நாடியது, 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தது ஆகிய செய்திகள் வழியே, கல்வி என்பது ஓர் ஆசிரியரின் நினைவாற்றலையும் ஒரு மடத்தின் ஆதரவையும் சார்ந்திருந்த நிலை புலனாகிறது.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கும்பகோணத்தில் சந்தித்த நிகழ்ச்சி இந்நூலின் மையம். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் உ.வே.சா. அடுக்கிக் கூற, முதலியாரோ சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். பெரும்புலவர் ஒருவரிடம் ஐந்தாண்டுகள் பயின்றவர்க்கும் சிந்தாமணி பாடமாகவில்லை என்னும் உண்மை, அக்காலக் கல்வியின் வளத்தையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது அச்சந்திப்பின் விளைவே.

இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டியது, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரமாகும். ஒரே மடத்தையும் ஒரே ஆசிரியரையும் ஒரு நூல் மாணவனின் அனுபவமாகவும், மற்றொன்று தேடித் தொகுத்த செய்திகளின் கோவையாகவும் தருகின்றன. வாழ்க்கை வரலாற்றுக்கும் தன்வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இவ்விரண்டைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

எனினும் ‘என் சரித்திரம்’ ஒரு தரப்புச் சான்றே என்பதை மறத்தலாகாது. எண்பத்தைந்தாம் அகவையை ஒட்டி, அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சிகளை நினைவுகூர்ந்து எழுதப்பட்டது அது. பதிப்புப் பணி குறித்த பகுதிகளைச் சி.வை.தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளோடு, சிறப்பாக 1887ஆம் ஆண்டுக் கலித்தொகைப் பதிப்புரையோடு, ஒப்பிட்டு வாசிப்பதே முறை.

மணி அடிக்கும்வரை வெளியே

திண்ணையில் அமர இயலாதவர்களின் கல்வி எத்தகையது? இவ்வினாவுக்கு உ.வே.சா.வின் நூலில் விடை தேடுவது பயன்தராது. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ அதற்கு விடை தருகிறது. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். 1930ஆம் ஆண்டு தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு கலந்துகொண்டவர். இத்தகையவர் தம் பள்ளிப் பருவத்தைச் சில வரிகளிலேயே கூறிச் செல்கிறார். கோயம்புத்தூரில் பயின்றபோது பிற மாணவரோடு பழகினால் சாதியை வினவுவர் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே இருந்ததையும், வகுப்பு முடிந்தவுடன் எவரும் உடன்வர இயலாதவாறு விரைந்து வீடு திரும்பியதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

உ.வே.சா.வும் சீனிவாசனும் ஏறத்தாழ ஒரே தலைமுறையினர். ஒருவர்க்கு ஆசிரியரின் அண்மை பேறாக அமைந்தது. மற்றவர்க்கு உடன்பயில்வோரின் அண்மையே அச்சமாயிற்று. முன்னது பெருநூலாக விரிந்ததும் பின்னது சுருக்கமாக நின்றதும் நடை வேறுபாடு மட்டுமன்று. நினைவுகூர்வதில் இன்பம் காண ஒருவர்க்கு வாய்த்த வசதி மற்றவர்க்கு வாய்க்கவில்லை.

பள்ளியும் நாடக சபையும்

திரு.வி.கலியாணசுந்தரனாரின் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ (1944) சென்னை நகரின் புதிய கல்விச் சூழலைக் காட்டுகிறது. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்ற அவர், தம் ஆசிரியர் யாழ்ப்பாணம் நா.கதிரைவேற்பிள்ளை தொடர்புடைய வழக்கில் சாட்சி கூறச் சென்றதால் 1904இல் இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. பள்ளிச் சான்றிதழை இழந்தவர் தமிழ்ப் புலமையைப் பெற்றார். பின்னர் ‘தேசபக்தன்’ ஆசிரியராகவும் 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார்.

பள்ளிக்கே செல்லாத கல்வியை அவ்வை தி.க.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ (1972) விளக்குகிறது. ஆறு வயதளவில், 1918இல், சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் தமையன்மாரோடு சேர்ந்தவர் அவர். அங்கு நாடகாசிரியரே வாத்தியார். பாடல்களையும் உரையாடல்களையும் மனனம் செய்வதே பாடம். தமிழ்க் கல்வி வரலாற்றில் பாலர் நாடக சபைகளுக்கு ஓர் இயல் ஒதுக்கப்பட வேண்டும் என்பதற்கு இந்நூல் ஒன்றே போதிய சான்று.

கருக்கும் வடுவும்

1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, கல்வி உரிமை சட்டத்தில் உறுதியான பின்னரும் வகுப்பறையில் நீடித்த அவமதிப்பைப் பேச்சுவழக்கிலேயே எடுத்துரைத்தது. நன்றாகப் படித்தால் மதிப்பு தானே வரும் என்னும் அண்ணனின் அறிவுரை அதில் ஒரு திருப்புமுனை. கே.ஏ.குணசேகரனின் ‘வடு’ (2005), உதவித்தொகைக் கணக்கெடுப்புக்காக மாணவர் சாதிப் பெயரால் எழுப்பி நிறுத்தப்பட்டதைக் கூறுகிறது. சீனிவாசன் மறைத்துவைக்க முயன்றதை இங்குப் பள்ளியே உரக்கக் கேட்கிறது. ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் மாறியது எது, மாறாதது எது என்பதை இவ்விரு காட்சிகளும் உணர்த்துகின்றன.

முடிவுரை

பெண்களின் குரல் இவ்வரிசையில் காலத்தால் பிந்தியே ஒலிப்பது கருதத்தக்கது. புதுக்கோட்டையில் எதிர்ப்புக்கிடையே ஆண்கள் கல்லூரியில் சேர்ந்து பயின்ற முத்துலட்சுமி ரெட்டி தம் வரலாற்றை ஆங்கிலத்திலேயே எழுதினார். அது 1964இல் வெளியானது. அதனையும் இவ்வரிசையில் இணைத்தல் வேண்டும்.

‘என் சரித்திரத்தை’ மட்டும் பாடமாக வைக்கும் வகுப்பு, தமிழ் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை அறியும். அத்தமிழ் எவர்க்கு எட்டாதிருந்தது என்பதை அறியாது. பின்னைய நூல்களை மட்டும் வைக்கும் வகுப்போ, எட்டாதிருந்த பொருளின் அருமையை உணராது போகும். திண்ணையில் அமர்ந்தவரின் நூலையும் வாயிலில் நின்றவரின் நூலையும் ஒருங்கே கையில் எடுக்கும்போதே தமிழ்க் கல்வியின் வரலாறு முழுமையை நோக்கி நகரும்.