சிரிக்க வைத்து அழ வைத்த மான்மியம்



'கவிதையில் உணர்ச்சியைத் தருவது கருத்தா, சொல்லும் விதமா?' இதுதான் தலைப்பு. "கருத்து இருந்தால் போதும், உணர்ச்சி தானே வரும்" என்று எதிரணிச் சகோதரி அடித்துப் பேசினார்கள். அம்மா, கருத்து மட்டும் போதுமென்றால் கோர்ட்டிலே கொடுக்கிற மனுவைப் படித்து நாடே அழுதிருக்கணுமே! (சிரிப்பு)

நான் ஆரல்வாய்மொழிக்காரன். எங்க நாஞ்சில் நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி என்றொரு முறை இருந்தது. குடும்பச் சொத்து காரணவர் பெற்ற பிள்ளைக்குப் போகாது. அவருடைய சகோதரி மகனுக்குப் போகும். பெற்ற மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு, அவ்வளவுதான். கணவன் கண்ணை மூடிவிட்டால், பெண்டாட்டி பிள்ளைகள் மருமகன் முகத்தைப் பார்த்து நிற்கணும்.

இந்த அவலத்தை அந்தச் சமூகத்திலேயே, 1876இல் தேரூரில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர் பாடினார். அவர்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1917, 18ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் தொடராக வந்து, 1942இல் புத்தகமான அந்த நூல் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'.

பெயரைப் பாருங்க! மான்மியம் என்றால் மகிமை. கோயிலுக்கும் புண்ணியத் தலத்துக்கும் பாடுவது. அதை ஒரு கேடுகெட்ட வழக்கத்துக்கு வைத்தார். தொனி என்பது இதுதான். புகழுகிற குரலிலே இகழ்ச்சி!

அடுத்தது படிமம். நூலுக்குள்ளே 'நாகாஸ்திரப் படலம்', 'கருடாஸ்திரப் படலம்' என்று படலங்கள். ராம ராவண யுத்தம் நடக்கிறதோ என்று நினைப்பீங்க. நடப்பது மாமனுக்கும் மருமகனுக்கும் சொத்துச் சண்டை! (சிரிப்பு) இன்னொன்று, 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. கோடு என்றால் எங்க பக்கத்தில் கோர்ட். இலக்கியத்தில் கோடு என்றால் மலைச்சிகரம். மலைமேல் ஏறியவன் இறங்கி வந்துவிடலாம். கோர்ட் ஏறிய குடும்பம் இறங்கி வருமா? (கைதட்டல்)

கடைசிப் படலத்தின் பெயர், 'கும்பியெரிச்சல்'. கும்பி என்றால் வயிறு. பசியிலும் வயிறு எரியும், அநியாயத்தைப் பார்த்தாலும் வயிறு எரியும். ஒரே சொல்லில் இரண்டு நெருப்பு! குறியீடு என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அது இங்கே ஒரு தாயின் வயிற்றில் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்வது யார்? கவிஞர் தம் குரலில் சொல்லவில்லை. ஐந்து கல்யாணம் செய்த காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியைப் பேச வைத்தார். சீர்திருத்தவாதி பேசினால் அது கருத்து. பாதிக்கப்பட்டவள் தன் வாயால் சொன்னால் அது கண்ணீர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். முதலிடம் நகைக்கு, அடுத்த இடம் அழுகைக்கு. கவிமணி நம்மை அந்த முதல் படியில் சிரிக்க வைத்து ஏற்றி, இரண்டாவது படியில் அழ வைத்துவிட்டார்.

எங்க ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நாட்டுக்கே தெரியும். ஆனால் காற்றைக் கண்ணால் பார்த்தவர் உண்டா? காற்றாலை சுற்றும்போதுதான், 'அடேயப்பா, என்ன காற்று!' என்கிறோம். உணர்ச்சியும் அப்படித்தான். தொனியிலும் படிமத்திலும் மோதினால்தான் அது இருப்பதே தெரியும்.

"பாட்டா சட்டத்தை மாற்றியது?" என்று சகோதரி கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாட்டு மட்டும் மாற்றவில்லை. அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், போராடினார்கள். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பெற்ற மக்களுக்குச் சொத்துரிமைக்கு வழி திறந்தது. ஆனால் ஒன்று யோசியுங்கள். ஊரே முறை என்று ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கொடுமை என்று எத்தனை பேருக்கு மனு உணர்த்தியிருக்கும்? அந்த ஐந்தாம் மனைவியின் குரல் உணர்த்தியது. சட்டம் உரிமை கொடுக்கும். உரிமை ஏன் வேண்டும் என்பதைக் கவிதை நெஞ்சுக்குள்ளே போய்ச் சொல்லும்.

ஆகவே, கவிதையில் உணர்ச்சியைத் தருவது சொல்லும் விதமே, சொல்லும் விதமே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)