காற்றைவிட நீர்: பெரிய சில்லர்களை வெற்றிடமாக்கும் முறையின் வளர்ச்சி

மருத்துவமனை, விமான நிலையம், நூற்பாலை போன்ற பெரிய கட்டிடங்களைக் குளிர்விக்கும் சில்லரில் குளிர்பதனப் பொருளை நிரப்புமுன் அதன் உட்புறத்தை வெற்றிடப் பம்பால் வெறுமையாக்க வேண்டும். ‘வேக்குவம் போடுவது’ என்று தொழிலாளர் சொல்லும் இவ்வேலையைக் காற்றை வெளியேற்றும் வேலையாகவே பலரும் விளக்குகிறார்கள். வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அவ்விளக்கம் போதவில்லை. காற்றை உறிஞ்சும் சிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு பம்பையும் அளவுமானியையும் வேலைமுறையையும் மாற்றிக்கொண்டே வந்தது நீர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குளிர்பதனத்தில் வெற்றிடம் முதலில் துப்புரவுக் கருவியாக வரவில்லை. குளிரை உண்டாக்கும் கருவியாகவே வந்தது. ஸ்காட்லாந்தின் வில்லியம் கல்லன் 1750களில் காற்றுப் பம்பின் உதவியால் ஈத்தரை ஆவியாக்கிச் சிறிதளவு பனிக்கட்டி உண்டாக்கினார். 1810-இல் ஜான் லெஸ்லி ஒரு படி மேலே போனார். பம்பின் கண்ணாடிக் கூண்டுக்குள் நீரையும் கந்தக அமிலத்தையும் வைத்தார். நீராவியை அமிலம் உறிஞ்ச, எஞ்சிய நீர் தன் வெப்பத்தை இழந்து தானே உறைந்தது. அழுத்தம் 4.58 டாருக்குக் (டார் என்பது அழுத்த அலகு) கீழே இறங்கினால் நீர் திரவமாக நிலைத்திருக்க முடியாது. ஆவியாக வேண்டும், அல்லது பனிக்கட்டியாக வேண்டும். லெஸ்லிக்கு வெற்றியைத் தந்த இவ்விதி பிற்காலத்துச் சில்லர் பணியாளர்களுக்குத் தலைவலியானது.

ஜேக்கப் பெர்கின்ஸ் 1834-இல் காப்புரிமை பெற்ற இயந்திரமும், ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் ஜேம்ஸ் ஹாரிசன் 1850களில் அமைத்த இயந்திரமும் ஈத்தரால் ஓடின. ஈத்தர் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால் ஆவியாக்கியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். எங்காவது கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். எரியும் ஆவியோடு காற்று கலப்பது ஆபத்து. 1870களில் கார்ல் லிண்டே அம்மோனியாவுக்கு மாறியபோது நிலைமை தலைகீழானது. கசிவு வெளிப்பக்கமானது, மூக்கே அதைக் காட்டிக்கொடுத்தது. அம்மோனியா நீரைத் தாராளமாகக் கரைத்துக்கொள்வதால் சிறிது ஈரம் தங்கினாலும் வால்வில் உறைந்து அடைக்காது. ஆகவே இயந்திரத்தின் சொந்தக் கம்ப்ரசரைக் கொண்டே காற்றை உறிஞ்சி வெளியே தள்ளினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. அக்காலப் பொறியாளர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் கையாண்ட பொருள் பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பொறுத்துக்கொள்ளாத பொருள்கள் 1930களில் வந்தன. வில்லிஸ் கேரியர் 1922-இல் காட்சிப்படுத்திய மையவிலக்குச் சில்லர் முதலில் டைலீன் என்ற கரைப்பானால் இயங்கியது. பின்னர் ஃப்ரியான்-11 அவ்வகை இயந்திரங்களில் பரவலானது. இதன் கொதிநிலை ஏறத்தாழ 24 டிகிரி. எனவே ஆவியாக்கியில் வளிமண்டலத்தின் பாதி அழுத்தமே இருக்கும். ஈரக்காற்று உள்ளே புகும், புகுந்ததை வெளியேற்ற ‘பர்ஜ்’ அலகு வேண்டும். சிறிய, நடுத்தர இயந்திரங்களில் நிறைந்த ஃப்ரியான்-12 நீரை மிகச் சொற்பமாகவே கரைக்கும். கரையாத துளி விரிவு வால்வில் உறையும். ஃப்ரியானே நீரோடும் வெப்பத்தோடும் சேர்ந்து சிதைந்தால் அமிலம் பிறக்கும். மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே கூட்டுக்குள் அடைபட்ட பிறகு அந்த அமிலம் சுருள்கம்பியின் காப்பையே அரித்தது. கம்ப்ரசரையே பம்பாக்கும் பழைய வழக்கமும் செல்லாமல் போனது. உள்ளே அடைபட்ட மோட்டாரும் அதே வெற்றிடத்தில் ஓட வேண்டியிருக்கும்; அழுத்தம் குறைந்த வாயுவில் மின்பொறி எளிதில் தாவும் என்பது 1889-இல் பாஷென் வகுத்த விதியிலிருந்தே தெரிந்த செய்தி.

தனிப் பம்பு தேவைப்பட்டது. எண்ணெயால் அடைக்கப்பட்ட சுழல்பம்பு அப்போதே இருந்தது. ஆனால் அது நீராவியிடம் தோற்றது. உறிஞ்சிய ஆவியை வெளிவால்வு திறக்கும் அழுத்தம்வரை பம்பு நெரிக்கும்போது, வால்வு திறக்குமுன்பே ஆவி நீராகி எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் பால்போல் வெளுத்ததும் பம்பின் ஆற்றல் போய்விடும். ஜெர்மானிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் கேடே 1935-இல் இதற்குக் கண்ட தீர்வு விசித்திரமானது: நெரிக்கும் கட்டத்தில் பம்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடு. அக்காற்று வால்வை முன்கூட்டியே திறக்கச் செய்ய, ஆவி ஆவியாகவே வெளியேறும். காற்றை அகற்றும் கருவிக்குள் வேண்டுமென்றே காற்றை விடும் இந்த ‘கேஸ் பாலஸ்ட்’ இல்லாமல் ஈரம்பட்ட பெரிய சில்லரை உலர்த்துவது பெரும்பாடு. என் மதிப்பில் இத்துறையின் முக்கியமான திருப்பம் இதுதான்.

அளப்பதிலும் இதே கதை. 1874-இல் வந்த மெக்லியாட் அளவுமானி வாயுவை நெரித்து அளப்பதால் நீராவியும் நெரிபட்டு நீராகிவிடும். ஈரத்தை அது காணவே காணாது. வாயு வெப்பத்தைக் கடத்தும் அளவைக்கொண்டு அழுத்தம் சொல்லும் பிரானியின் 1906-ஆம் ஆண்டு முறையில் நீராவியும் கணக்கில் வரும். இன்றைய மின்னணு மைக்ரான் மானிகள் பல அந்த வழி வந்தவை. பலர் பின்பற்றும் இலக்கு 500 மைக்ரான், அதாவது அரை டார். அந்த அழுத்தத்தில், அறை வெப்பநிலையில், ஒரு கிராம் நீர் ஏறத்தாழ 2,000 லிட்டர் ஆவியாக விரியும். கருவிக்குள் ஒரு டம்ளர் நீர் தங்கியிருந்தால் பம்பு எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பெரிய பம்பு வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் அழுத்தம் சட்டென இறங்கினால் தங்கிய நீர் லெஸ்லியின் கிண்ணத்தில் போலவே உறைந்துவிடும். பனிக்கட்டி மெதுவாகத்தான் ஆவியாகும். ஆகவே இடையில் உலர்ந்த நைட்ரஜனை விட்டு வெற்றிடத்தை உடைத்து, மீண்டும் உறிஞ்சும் முறை வழக்கமானது. குழாயும் அகலமாக இருக்க வேண்டும், ஏனெனில் மெல்லிய ஹோஸ் எவ்வளவு பெரிய பம்பையும் முடக்கிவிடும். முடிவில் பம்பை அடைத்துவிட்டு மானியைக் கவனிப்பார்கள். அழுத்தம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு.

ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை இவ்வேலைக்குச் சட்டத்தின் முகத்தைக் கொடுத்தது. கேஸைக் காற்றில் விட்டே கருவியைக் கழுவும் பழக்கத்துக்கு அமெரிக்கா 1992-இல் தடை போட்டது. அதோடு எண்ணெயும் மாறியது. ஃப்ரியான்-12-க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ பழைய கனிம எண்ணெயோடு கலக்காது. அதற்கான பாலியோல் எஸ்டர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலாய் இழுத்துக்கொள்ளும், பிறகு அதே நீரால் சிதைந்து அமிலமாகும். அந்த எண்ணெய்க்குள் புகுந்த ஈரத்தை 500 மைக்ரான் வெற்றிடத்தாலும் எளிதில் பிடுங்க முடிவதில்லை. அதனால்தான் வடிகட்டி-உலர்த்தியை மாற்றுவதும், எண்ணெய் டின்னை ஊற்றும் நேரம்வரை திறக்காமல் வைப்பதும் இன்று பம்பின் வேலையோடு சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன.