பிரியதத்தம்: வினைக்கும் அருளுக்கும் நடுவே ஒரு பழஞ்சொல்

எண்பது வயதைக் கடந்த மூதாட்டியர் சிலர் நம் பங்கில் இன்றும் வானதூதரின் வாழ்த்தைப் பழைய பாடத்திலேயே செபிக்கின்றனர். 'அருள்' என்று நாம் சொல்லுமிடத்தில் அவர்கள் நாவில் 'பிரியதத்தம்' என்று வருகிறது. அச்செபத்துக்கே பிரியதத்த மந்திரம் என்றுதான் நம் பாட்டன்மார் பெயரிட்டிருந்தனர். இளையோர் கேட்டுச் சிரிக்கின்றனர். நாமும் ஒருகாலத்தில் சிரித்தவர்களே. பிரியம் என்பது அன்பு. தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. நீர் வார்த்துத் தத்தம் செய்துவிட்ட பொருளைக் கொடுத்தவன் திரும்பக் கேட்பதில்லை என்பது இந்நாட்டு வழக்கு. உழைத்துச் சம்பாதிக்காமல், தகுதி காட்டிப் பெறாமல், அன்பொன்றினாலேயே கைக்கு வந்தது என்ற பொருளை அச்சொல் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நம் செபங்கள் எளிய தமிழுக்கு மாறியபோது, தேவ இஷ்டப்பிரசாதம் முதலிய பல சொற்களோடு இதுவும் விடைபெற்றது. மாற்றம் நன்றே. ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் வழியனுப்புமுன் சற்று நிறுத்திப் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஏனெனில் அது பிறந்த மண், வினையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த மண். திருவள்ளுவர் ஊழுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். சிலப்பதிகாரம் தான் நிலைநாட்ட வந்த மூன்று உண்மைகளுள் ஒன்றாக ஊழ்வினையை வைத்தது. சைவ சித்தாந்திகள் உயிரைப் பிணிக்கும் மும்மலங்களில் ஒன்றாகக் கன்மத்தை எண்ணி, முன் ஈட்டிய சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், இனி ஏறும் ஆகாமியம் என்று அதனைப் பகுத்தனர். நம் மறையுரைகளில் இக்கொள்கையைத் தலைவிதி என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிறோம். இது நேர்மையன்று. செய்த செயல் எதுவும் காற்றில் கரைந்துபோவதில்லை, ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு என்ற அறச் சீற்றம் அக்கொள்கையின் அடியில் இருக்கிறது.

மேலும், வினையைக் கற்பித்தவர்கள் அருளையும் கற்பித்தனர். கன்மம் அறிவற்றது, அதன் பயனை உயிருக்கு ஊட்டுபவன் இறைவனே, கட்டை அவிழ்ப்பதும் அவன் அருளே என்பது சித்தாந்தம். உமாபதி சிவாச்சாரியார் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலின் பெயரே திருவருட்பயன். வைணவரோ இறைவன் உயிரைக் காப்பது, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போலவா, தாய் வாயில் கவ்வித் தூக்கிச் செல்லும் பூனைக் குட்டியைப் போலவா என்று வாதிட்டு, வடகலை, தென்கலை என இரு வழியினராயினர். மனித முயற்சிக்கு எவ்வளவு, இறையருளுக்கு எவ்வளவு என்று அகுஸ்தீனார் காலம் முதல் நம் திருச்சபை போராடிய வினாவும் ஏறத்தாழ இதுவே. மனிதன் தன் ஆற்றலாலேயே அறவழியில் நிற்க இயலும் என்ற பெலாஜியுசின் போதனையைக் கார்த்தேஜ் சங்கம் 418இல் கண்டித்தது. ஆக, 'அருள்' என்ற சொல் நாம் கொண்டுவந்ததன்று. அயல்வீட்டாரிடமிருந்து நாம் நன்றியோடு பெற்றது.

இந்நிலத்தில்தான் நம் மறைப்பணியாளர் சொல் தேடினர். அன்றீக்கே அடிகள் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்தில் போர்ச்சுக்கீசியச் சொற்கள் பல தமிழ் எழுத்தில் அப்படியே நின்றன. திருப்பலியைக் குறித்த அயற்சொல் தமிழர் காதில் 'மீசை' என்று ஒலித்ததைக் கண்டு, அதை விடுத்துப் 'பூசை' என்று சொல்லத் தொடங்கியவர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி அடிகள். அவர் மதுரைக்கு வந்தது 1606 நவம்பரில். அவர் உரோமையை விட்டுப் புறப்பட்டபோது அந்நகரில் இறையருளும் மனித விருப்பும் எவ்வாறு இணைகின்றன என்று தொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் திருத்தந்தையின் முன்னிலையில் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். 1598இல் தொடங்கிய அவ்விசாரணையை ஐந்தாம் பவுல் 1607இல் தீர்ப்புச் சொல்லாமலேயே முடித்துவைத்தார். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் பழிக்கக்கூடாது என்பதே முடிவு! அருளைப் பற்றித் தன் தலைநகரிலேயே முடிவு காணாத வினாவை மனத்தில் சுமந்தவராய், வினையைப் பற்றி ஐயமே இல்லாத ஒரு நகரில் நொபிலி அடிகள் அமர்ந்தார்.

புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்ற தமிழ் நூலில் அவர் மறுபிறவிக் கொள்கையை மறுத்தார். ஒருவன் செல்வனாகவும் ஒருவன் வறியனாகவும், ஒருவன் உயர்நிலையிலும் ஒருவன் தாழ்நிலையிலும் பிறப்பது முன்வினையின் பயன் அன்று என்பது அவர் வாதம். பின் எதனால் என்றால், பல உறுப்புகள் சேர்ந்தே உடல் ஆவதுபோலப் பல படிநிலைகள் இருந்தால்தான் பொதுவாழ்வு நடைபெறும் என்றார். இவ்விடத்தை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் நாம் தயங்கி நிற்கிறோம். கணக்கு இல்லை என்று துணிந்து சொன்னவர், அக்கணக்கின் பெயரால் நிறுத்தப்பட்டிருந்த வரிசையைக் கலைக்கவில்லை. 1640 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்ற வேறு குருக்கள் ஏற்பட்டனர். அவர்கள் உழைப்பால் ஆயிரமாயிரம் பேர் மறையில் சேர்ந்தது உண்மை. ஆனால் பிரியதத்தம் ஒன்று. அதைப் பெற்றுக்கொள்ளும் வாசல்கள் இரண்டாயின. அக்காலத்தின் நெருக்கடியை அறியாமல் நாம் இதைச் சொல்லவில்லை. அவருடைய புலமையிலும் துறவிலும் கால்வாசியும் நம்மிடம் இல்லை.

அவ்வாசல்கள் பின்னர் கல்லும் சுண்ணாம்புமாயின. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, அதை நோக்கிய கூடங்கள் இரண்டு, ஒரு சாதியார் மறு சாதியாரைப் பாராதபடி நடுவே தடுப்பு. 1910இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது, தனியிடம் தங்கள் பிறப்புரிமை என்று வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். அவர்களுள் எவரும் மறுபிறவியை நம்பியவரல்லர். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொன்ன கத்தோலிக்கர்கள். வினைக் கொள்கையை விட்டுவிட்டு, அதன் விளைச்சலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அயலாரின் கொள்கையில் அந்த வரிசையிலிருந்து விடுபட அடுத்த பிறவியாவது உண்டு. நாம் அதையும் வைக்கவில்லை.

வடக்கன்குளத்தாரைக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டில், நடக்க இயலாத ஆறு வயது மகனை இடுப்பில் சுமந்து ஒரு தாய் நம் அறைவீட்டுக்கு வந்தார். "நான் செஞ்ச பாவமா சாமி, இல்ல பெரியவங்க செஞ்ச பாவமா?" என்றார். அப்படிச் சொல்லி அவரை நோகடித்தவர்கள் ஆலயத்தில் முன்வரிசையில் முழந்தாளிடும் உறவினரே. நாம் குருமடத்தில் அகுஸ்தீனாரின் அருட்கோட்பாட்டில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தோம். ஆயினும் நம் வாயில் வந்தது இதுதான்: நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், ஒன்பது நாள் நவநாள் செய்யுங்கள், இறையருள் கிட்டும். அவர் தலையாட்டினார். "அப்போ பாவந்தான், இல்லையா சாமி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

நற்செயலுக்குப் பேறு உண்டு என்பது நம் மறையின் போதனைதான். ஆனால் அப்பேறும் கடவுள் தந்த கொடையே என்று திரிதெந்து சங்கம் 1547இல் சேர்த்தே சொன்னது. நாமோ அத்தாயிடம் ஒரு விலைப்பட்டியலை நீட்டினோம். இவ்வளவு செலுத்தினால் இவ்வளவு கிட்டும். கிட்டாவிட்டால் செலுத்தியது போதவில்லை. அருள் என்று பெயரிட்டு நாம் கொடுத்தனுப்பியது வினையைத்தான்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் அத்தாயின் கேள்வியே. பிறவியிலேயே பார்வையற்ற அவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? இரண்டையும் ஆண்டவர் மறுத்தார். தரையில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அவன் கண்களில் பூசினார். அவ்வதிகாரத்தின் இறுதியில், நீ முழுவதும் பாவத்தில் பிறந்தவன் என்று வைது அவனை வெளியே தள்ளியவர்கள் மறைநூல் கற்றவர்கள். இப்பகுதியைப் பிறர்க்கு விளக்கும்போதெல்லாம் நமக்கு நாவு சற்றே குழறும்.

பல ஆண்டுகள் கழித்து, வேறு பங்கிலிருந்து ஒரு திருமணத்துக்காக அவ்வூர் சென்றபோது அத்தாயின் வீட்டைத் தேடிப் போனோம். மகன் வளர்ந்து, திண்ணையில் அமர்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தார். அன்று சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு, அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தோம். அவர் இடைமறிக்காமல் கேட்டார். முடிந்தபின் ஓர் ஐயம் மட்டும் எழுப்பினார்.

"பார்வை வேணும்னு அவன் கேக்கவே இல்லையா, சாமி?"

"கேட்கவில்லை, அம்மா" என்றோம்.

"அந்த இடத்த இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.