வேடந்தாங்கல்: பாசன ஏரி பறவைப் புகலிடமான வரலாறு

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ளது. வடதமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய ஏரிகள் பல உண்டு. ஆனால் நீர்ப்பறவைகளுக்கான இந்தியாவின் மிகப் பழைய காப்பிடங்களில் ஒன்றாக இந்தச் சிறிய ஏரியே பெயர்பெற்றது. பறவைகளை இங்கே முதலில் காத்தவர்கள் ஏரித் தண்ணீரில் நெல் விளைத்த குடியானவர்கள். சட்டம் வெகுகாலம் கழித்தே வந்து சேர்ந்தது.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். கரையை ஒட்டியும் நீருக்குள்ளும் நிற்கும் கடப்ப மரங்கள் இடுப்பளவு நீரில் மூழ்கி நிற்க, பூனையும் நரியும் அணுக முடியாத அந்தக் கிளைகளில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். நத்தைகொத்தி நாரை, வர்ண நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு வகைகள், கூழைக்கடா எனப் பல இனங்கள் ஒரே மரத்தில்கூட அடுக்கடுக்காகக் குடியிருக்கும். இவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வருவதாகப் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு, அது சரியல்ல. கூடு கட்டுபவை பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே இடம் மாறுபவை. வடக்கிலிருந்து நெடுந்தூரம் வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே குளிர்காலம் கழிக்குமே தவிர முட்டையிடுவதில்லை.

கூட்டுக்கு இடம் இந்த ஏரி; இரைக்கு இடமோ சுற்றிலும் பல மைல் தூரத்துக்குப் பரந்த ஏரிகளும் வயல்களும். அங்கே தின்ற மீனும் நத்தையும் எச்சமாக வேடந்தாங்கல் நீரில் விழுகின்றன. பல ஊர் ஏரிகளின் சத்து இப்படி ஓர் ஊர் ஏரியில் வந்து சேர்கிறது. மதகு திறந்து வயலுக்குப் பாயும் அந்தத் தண்ணீரே உரமாகவும் இருந்தது. பயிருக்குத் தனியாக எரு இடும் தேவை குறைந்ததை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்தார்கள். பறவையைச் சுட்டால் கூட்டம் வேறிடம் போகும், கூட்டம் போனால் விளைச்சல் குறையும் என்பது அவர்கள் கணக்கு. இரக்கம் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு இருந்ததால்தான் கட்டுப்பாடு நிலைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமை பெற்ற நிலமாக, இருந்தது. ஹைதர் அலியின் 1780ஆம் ஆண்டுப் படையெடுப்பில் ஊர்கள் சிதைந்து, ஏரிகள் பழுதடைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு வரி வருவாயை மீட்கும் பொறுப்பு கலெக்டர் லயனல் பிளேஸுக்கு வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் மக்கள் அவரிடம் முறையிட்டதாகவும், ஏரியில் யாரும் பறவை வேட்டையாடாதபடி தடுக்கும் உரிமையை 1790களின் இறுதியில் அவர் கௌலாக (அதிகாரபூர்வ உறுதிச்சீட்டாக) எழுதிக் கொடுத்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பிளேஸை இயற்கைக் காவலராகக் கொண்டாடுவது மிகை. ஏரி செழித்தால் வரி பெருகும் என்பதை அறிந்த வருவாய்த்துறை அதிகாரி அவர். ஊராரின் நலனும் கம்பெனியின் நலனும் அந்தக் கௌலில் ஒத்துப்போயின.

இந்த உரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. காக்கும் அதிகாரம் ஊராரிடம் இருந்ததும், அரசு அதை ஒப்புக்கொண்டதும்தான் இந்த ஏற்பாட்டின் தனித்தன்மை. பின்னாளில் உருவான சரணாலயங்கள் பலவற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு: எல்லை வகுக்கப்பட்ட பிறகு, அங்கே காலங்காலமாகப் புழங்கியவர்கள் அத்துமீறுவோர் ஆனார்கள்.

வேடந்தாங்கலிலும் பொறுப்பு மெல்ல அரசின் கைக்கு மாறியது. 1936இல் ஏரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1962இல் சென்னை வனச் சட்டத்தின்கீழ் காப்புக்காடானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் தேசிய அளவிலான சட்டப் பின்புலம் தந்தது. ஏரிக்குள் மண்மேடுகள் எழுப்பிக் கருவேல மரங்கள் நடப்பட்டதால் கூடு கட்டும் இடம் கூடியது. ஊர்க் கட்டுப்பாடும் சட்டத்தோடு சேர்ந்தே நீடித்தது. தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை.

ஏரியை மட்டும் காத்தால் போதாது என்பது பறவைகள் இரை தேடும் முறையிலிருந்தே விளங்கும். 1998ஆம் ஆண்டு அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியையும் சரணாலயத்துக்குள் கொண்டுவந்தது. அதில் பெரும்பங்கு பட்டா நிலமும் குடியிருப்பும் பிற ஏரிகளும்தான். கட்டடமும் தொழிற்சாலையும் பெருகிய வட்டாரத்தில் அந்த எல்லை உரசலுக்கு இடமானது. வெளிப்புற 2 கிலோமீட்டர் பகுதியின் பாதுகாப்பைத் தளர்த்தும் திட்டம் 2020இல் வெளியானபோது சூழலியலாளர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு எழுந்தது. வரைபடத்தில் அந்தப் பகுதி வெறும் ஓரம். ஆனால் குஞ்சுகளுக்கு நாரைகள் நத்தை பொறுக்குவது அங்கேதான்.

அருகிலுள்ள கரிக்கிலி ஏரிகள் 1989இல் தனிச் சரணாலயமாயின. ஆழம் குறைந்த அந்த ஏரிகளை நாடி வாத்துகளும் கரைப்பறவைகளும் மிகுதியாக வருகின்றன. நாரைகள் வேடந்தாங்கல் மரங்களையே விரும்புகின்றன. 2022இல் இரண்டும் ராம்சார் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் மட்டும் எந்தப் பட்டியலும் உதவுவதில்லை. வரத்துக் கால்வாய் தூர்ந்திருக்கிறதா, மேலேயுள்ள ஏரிகளிலிருந்து மிகை நீர் வந்து சேர்கிறதா என்பதைப் பொறுத்தே கூடுகளின் எண்ணிக்கை கூடுகிறது, குறைகிறது.