கட்டமும் பெயரும்: பழவேற்காட்டுத் துணியும் ஸ்காட்லாந்துக் கில்ட்டும்

ஆடை வாங்குவோர் பெரும்பாலும் அளவையும் விலையையும் நிறத்தையும் பார்த்தே முடிவு செய்வர். ஆனால், முதன்முறையாகக் கம்பளிக் கில்ட் தைத்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு அளவெடுப்பதற்கு முன்பே வேறொரு கேள்வி எழுகிறது. எந்த டார்ட்டன்? அதாவது, எந்தக் கட்டம்? ஸ்காட்லாந்தின் மரபில் அக்கேள்வியின் உட்பொருள், 'நீர் எந்தக் குலத்தவர்?' என்பதாகும். கேம்பல் என்றால் ஒரு கட்டம், மக்டானல்ட் என்றால் வேறொரு கட்டம். துணியே குடும்பப் பெயரைச் சொல்லிவிடும் என்பது நம்பிக்கை.

சிராங்கூன் சாலையிலோ அரபு ஸ்திரீட்டிலோ கட்டம் போட்ட கைலி வாங்குபவரை எவரும் அவ்வாறு கேட்பதில்லை. ஆயினும் அந்தக் கைலியும் பெயரில்லாத துணியன்று. மலாய் மக்கள் அதனைக் 'காயின் பெலெகாட்' என்று வழங்குகின்றனர். 'காயின்' என்பது துணி. 'பெலெகாட்' என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. இந்த இரு கட்டத் துணிகளின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு துணி ஒரு மக்களுக்கு உரியதாவது எவ்வாறு என்னும் கேள்விக்கு ஓரளவு தெளிவு பிறக்கும். ஆண்டுதோறும் ஜூலை 21இல் இன நல்லிணக்க நாளன்று 'நம் பாரம்பரிய உடை எது?' என்று கேட்கும் மாணவருக்கும், விடை சொல்ல வேண்டிய ஆசிரியருக்கும் இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியன்று.

ஒரே இலக்கணம்

டார்ட்டனும் பெலெகாட்டும் அடிப்படையில் ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. இரண்டிலும் துணி நெய்த பிறகு சாயமேற்றுவதில்லை. நூலுக்கே முதலில் சாயமேற்றப்படுகிறது. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவிலும், குறுக்கே செல்லும் ஊடையிலும் நிறங்கள் வரிசைப்படி அடுக்கப்படுகின்றன. பாவும் ஊடையும் ஒரே நிறமாகச் சந்திக்குமிடத்தில் அந்நிறம் முழுமையாகத் தெரியும்; வேறு நிறங்களாகச் சந்திக்குமிடத்தில் கலப்பு நிறம் தோன்றும். நான்கே நிற நூல்களைக் கொண்டு பத்து நிறச் சாயல்களைக் காட்டுவது இவ்வாறே.

வேறுபாடு நூலிலும் பின்னலிலும் உள்ளது. டார்ட்டன் கம்பளி நூலால், இரண்டு இழை மேல் இரண்டு இழை கீழ் என்று, ஒவ்வொரு வரிசையிலும் ஓரிழை நகர்த்தி நெய்யப்படுவது. அதனால் துணியில் சாய்கோடுகள் தெரியும். பெலெகாட் பருத்தி நூலால் ஓரிழை மேல் ஓரிழை கீழ் என்று நெய்யப்படுவது. முன்னது ஏறத்தாழ எட்டு கஜம் கொண்டு மடிப்பு மடிப்பாகத் தைக்கப்பட்டுக் குளிர் நாட்டில் இடுப்பைச் சுற்றுவது. பின்னது இரு முனையும் சேர்த்துக் குழாய்போல் மூட்டப்பட்டு வெப்ப நாட்டில் இடுப்பைச் சுற்றுவது.

பெயர் பின்னால் வந்தது

குலத்துக்கொரு கட்டம் என்னும் வழக்கம் மிகத் தொன்மையானது என்று பலரும் எண்ணுகின்றனர். டார்ட்டன் துணி பழமையானதே. குலப் பெயர்ப் பட்டியல் அத்துணைப் பழமையானதன்று. கலகத்தை ஒடுக்கிய பிரிட்டிஷ் அரசு 1746ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக மேட்டுநில ஆடவர் அவ்வுடையை அணிவதைத் தடை செய்தது. படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782இல் தடை நீங்கிற்று. 1815இல் இலண்டன் மேட்டுநிலச் சங்கம் குலத் தலைவர்களிடம் அவரவர் டார்ட்டனின் மாதிரியைக் கேட்டபோது, தம் குலத்துக்கு உரிய கட்டம் எது என்று சொல்ல முடியாத தலைவர்களும் இருந்தனர்.

அக்காலத்தில் டார்ட்டன் நெசவில் முதன்மை பெற்றிருந்தது பானக்பர்ன் ஊரின் வில்சன் குடும்ப நிறுவனம். 1819இல் அந்நிறுவனம் தொகுத்த மாதிரி ஏட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்களின் இழைக் கணக்கு எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் பல, எண்களாலும் ஊர்ப் பெயர்களாலும் குறிக்கப்பட்டவை. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை ஒழுங்குசெய்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், தலைவர்கள் தத்தம் குல உடையில் வர வேண்டும் என்று விரும்பினார். தேவை எழுந்தது, எண்களுக்குப் பெயர் கிடைத்தது. வரலாற்றறிஞர் ஹியூ டிரெவர்-ரோப்பர் 1983இல் வெளியான கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டைச் சுட்டினார். இன்று மக்ஃபெர்சன் குலத்துக்குரியதாகப் போற்றப்படும் ஒரு கட்டம், முன்னர் ஓர் எண்ணால் மட்டும் அறியப்பட்டது. பின்னர், மேற்கிந்தியத் தீவுகளில் தம் அடிமைகளுக்கு உடுத்த அதனை மொத்தமாக வாங்கிய கிட் என்பவரின் பெயரால் வழங்கிற்று. அதன் பிறகே அது குலச் சின்னமாயிற்று.

பழவேற்காடு பெலெகாட் ஆனது

இனி நம் கரைக்கு வருவோம். 1512க்கும் 1515க்கும் இடையே எழுதிய போர்த்துக்கீசியர் தொமே பிரெஸ், சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குத் துணி கொண்டுவந்த வணிகரைப் பற்றிக் கூறுகிறார். டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அதனையே சோழமண்டலத் தலைமையிடமாக வைத்திருந்தனர். கிழக்குத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்கத்தக்கதாக அவர்கள் கண்டது தமிழ், தெலுங்குக் கரைகளின் துணியையே. நிறமோ அகலமோ கட்டத்தின் அளவோ வாங்குவோர் விருப்பத்துக்கு மாறினால் துணி விலைபோகாது. ஆகவே தறியின் முன் அமர்ந்திருந்தவர் நெசவாளர் எனினும், கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததில் கடலுக்கு அப்பால் இருந்தவருக்கும் பங்குண்டு.

ஊர்ப் பெயரின் திரிபையும் காண்போம். ழகரம் போர்த்துக்கீசியர் நாவில் லகரமாயிற்று. நடுவிலிருந்த 'வேற்' தேய்ந்தது. 'காடு' என்பதன் ஈற்றில் நிற்கும் குற்றியலுகரம், பெயருக்கேற்பக் குறுகி ஒலிப்பதால், அயலார் செவியில் விழாமலே போயிற்று. எஞ்சிய டகரம் வல்லொலியாக நின்றது. மலாயில் முதல் உயிரும் தளர்ந்து 'பெலெகாட்' ஆயிற்று. இலங்கையில் 'பளையகாட்' சாரம் என்பர். அந்தச் 'சாரம்' என்னும் சொல்லோ மலாய்ச் 'சாரோங்' தமிழுக்கு வந்து பெற்ற வடிவம். துணி தமிழ் ஊர்ப் பெயரோடு கிழக்கே சென்றது. உடுத்தும் முறையின் பெயர் கிழக்கிலிருந்து தமிழுக்குத் திரும்பிற்று.

சென்னையிலிருந்த ஸ்காட்லாந்துப் படையினரின் உடையைப் பார்த்தே நம் நெசவாளர் கட்டம் போடக் கற்றனர் என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படையினர் வருவதற்கு முன்பே பழவேற்காட்டுத் துணி கடல் கடந்து புகழ் பெற்றிருந்தது. மேலும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ வட்டாரக் கைத்தறியாளர் வண்ண நூலால் கட்டம் போட்ட பருத்திக் கைக்குட்டைகளைப் பெருமளவில் நெய்தனர். அவற்றுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'புல்லிகேட்'. பழவேற்காட்டுச் சரக்கைப் பார்த்து நெய்ததனால் வந்த பெயர் அது. கற்றவர் யார், கற்பித்தவர் யார் என்பதற்கு இச்சொல்லே சான்று.

சிங்கப்பூரில் இரு மரபுகள்

வில்சன் நிறுவனம் மாதிரி ஏட்டைத் தொகுத்த 1819ஆம் ஆண்டிலேதான் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்தார். அவ்வாண்டு மே மாதம் அவருடன் 'இந்தியானா' கப்பலில் வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை வைத்ததை நாம் அறிவோம். அவர் குரோஸ் ஸ்திரீட்டில் துணி வணிகமும் செய்தார். 1822இல் அக்கடை தீக்கிரையாயிற்று. எடின்பரோவில் டார்ட்டன் ஊர்வலம் நடந்த ஆண்டும் அதுவே. இங்கே ஆட்சி நடத்திய முதல் இரு ரெசிடென்டுகளான ஃபார்குவாரும் கிராஃபர்டும் ஸ்காட்லாந்தினர். கிராஃபர்டு 1852இல் மலாய் இலக்கணமும் அகராதியும் வெளியிட்டவர்.

நகரின் தொடக்கக் கால வரைபடத்திலேயே சூலியா கம்போங் என்று தமிழ் முஸ்லிம்களுக்குரிய பகுதி குறிக்கப்பட்டது. அவர்கள் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் சூலியா பள்ளிவாசல் என்றே அழைக்கப்படுகிறது. இச்சமூகத்து வணிகர் பலரும் துணியோடு வாழ்ந்தவர்கள்.

இந்நகரில் ஸ்காட்லாந்துப் பெயர்களும் தமிழ்க் கடைகளும் ஒரே தெருவில் நிற்கின்றன. லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் அமைந்துள்ள தெருவின் பெயர் கேம்பல் லேன். அக்குடும்பப் பெயருக்குரிய டார்ட்டனைத் தேடினால் கிடைப்பது, 1739இல் முழுப் படையணியாக்கப்பட்ட கருங்காவற்படையின் கரும்பச்சை, நீலக் கட்டத்தின் நெருங்கிய வடிவம். குலச் சின்னம் என்று வாங்குபவர் படைச் சீருடையையும் சேர்த்தே வாங்குகிறார்.

பெயரிட்டவர் யார்?

ஊர்ப் பெயர் துணிக்கு ஆவது நமக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் ஆடையைக் குறிக்கும் சொற்களுள் 'கலிங்கம்' ஒன்று. கலிங்க நாட்டிலிருந்து வந்த துணியின் பெயர் பொதுப் பெயராயிற்று. அதே கலிங்கத்தின் பெயரே மலாயில் 'கெலிங்' என மருவித் தென்னிந்தியரைக் குறித்தது என்பர். சிங்கப்பூரின் கிளிங் ஸ்திரீட், அச்சொல் இழிவாகக் கருதப்பட்டதால் 1920களின் தொடக்கத்தில் சூலியா ஸ்திரீட் ஆயிற்று. ஒரே வேர்ச்சொல் ஓரிடத்தில் ஆடையாகவும் மற்றோரிடத்தில் அதனைச் சுமந்து வந்தவர்மேல் ஒட்டிய பட்டமாகவும் நின்றது. பெயரை எவர் இடுகிறார் என்பது அற்பமான செய்தியன்று.

சென்னைக் கட்டத் துணி மேற்கேயும் சென்றது. மார்த்தினீக், குவாடலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் 'மதராஸ்' என்னும் பெயரோடு அது மகளிரின் தலைக்கட்டாகவும் விழா உடையாகவும் விளங்குகிறது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள் அதனை 'இஞ்ஜிரி' என்பர். அவர்கள் அத்துணியில் குறிப்பிட்ட இழைகளை வெட்டி உருவிப் புதுக் கோலம் காண்கின்றனர். அதற்குத் தம் மொழியிலேயே 'பெலெதே பிதே' எனப் பெயரிட்டுள்ளனர். நெய்தவர் தமிழரும் தெலுங்கருமாயினும், அத்துணி இன்று கலாபரி மரபு என்பதில் ஐயமில்லை.

ஸ்காட்லாந்தினர் செய்தது இன்னும் முறையானது. கட்டத்தின் இழைக் கணக்கை எழுதினர், பெயரிட்டனர், பாதுகாத்தனர். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009இல் அரசுப் பதிவேடே தொடங்கப்பட்டது. இன்று எவரும் புதுக் கட்டம் வரைந்து, தக்க காரணம் காட்டி, அதில் பதியலாம். அதற்கு முன்பே, 1999இல், அந்நாட்டில் குடியேறிய சீக்கியர் ஒருவரின் முயற்சியால் 'சிங்' டார்ட்டன் பிறந்துவிட்டது. குலப் பெயர்கள் பின்னாளில் ஒட்டப்பட்டவையே எனினும், ஏட்டில் எழுதப்பட்டதால் அவை நிலைத்தன.

தேர்வு

ஆகவே முதல் கில்ட் வாங்குபவருக்கு வரலாறு சொல்லும் அறிவுரை இது: இரத்தம் சொல்லும் கட்டம் என ஒன்றில்லை. குலத்தின் பெயரிலோ ஊரின் பெயரிலோ படையின் பெயரிலோ உள்ள எதனையும், அதன் கதையை அறிந்து தேர்ந்துகொள்ளலாம். அரச குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பால்மோரல் போன்ற சிலவே விலக்கு. கைலி வாங்குபவருக்கும் இது பொருந்தும். அது மலாய்க்காரர் உடையா, தமிழ் முஸ்லிம்களின் உடையா, தமிழர் அனைவரின் உடையா என்ற வாதத்துக்கு ஒற்றை விடை இல்லை. குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் நெய்ததை கம்போங் கிளாமில் வாங்கி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு உடுத்தும் மலாய் முதியவரும், அதனையே வீட்டில் உடுத்தும் தேக்காத் தமிழரும் அதற்கு உரியவரே.

ஆனால் ஒரு குறை நம் பக்கத்தில் உள்ளது. பெலெகாட், மதராஸ், இஞ்ஜிரி, புல்லிகேட் ஆகியவை எல்லாம் வாங்கியவர் இட்ட பெயர்கள், அல்லது அவர் வாயில் திரிந்த பெயர்கள். நெய்தவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் என்ன சொல்லி அழைத்தனர்? கூறைநாட்டின் கட்டம் போட்ட கூறைப்புடவையும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் தம் பெயரைக் காத்துக்கொண்டன. காரைக்குடிக் கண்டாங்கி 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. கைலிக் கட்டங்களுக்கு அத்தகைய ஏடு இல்லை. அகலக் கரை, சிறு கட்டம், பெருங்கட்டம், நிறச் சேர்க்கை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் நெசவாளர் வாயிலும் கடைக்காரர் வாயிலும் மட்டுமே வாழ்ந்தன. விசைத்தறியும் அச்சிட்ட வில்லைகளும் வந்தபின் அவையும் அருகுகின்றன.

இதனை மாணவர்கள் செய்யலாம். அரபு ஸ்திரீட்டிலும் தேக்கா நிலையத்தின் மேல்தளத்திலும் நீண்ட காலம் துணி விற்ற பெரியவர்கள் இன்னும் இருக்கின்றனர். ஒரு கைலியை விரித்து, 'இந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், ஐயா?' என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதி, அருகில் இழைக் கணக்கையும் குறித்துவைக்க வேண்டும். மலாய்ச் சொல்லாயின் அதனையும், தமிழும் மலாயும் கலந்ததாயின் அதனையும் விலக்காமல் குறிக்க வேண்டும். வில்சன் நிறுவனத்தார் 1819இல் செய்த பணி ஏறக்குறைய இத்தகையதே. அவர்கள் அதனை வணிகத்துக்காகச் செய்தனர். நாம் சொல்லுக்காகச் செய்வோம். அப்பெரியவர்கள் கடையில் இருக்கும்போதே செய்வோம்.