குவாத்தமாலாத் தொழிலாளர் வழக்கு

சுதந்திர வர்த்தக ஒப்பந்தமொன்றின் தொழிலாளர் ஷரத்தை ஆதாரமாகக் கொண்டு ஒரு தேசம் (அமெரிக்கா) மற்றொரு தேசத்தை (குவாத்தமாலாவை) நடுவர் மன்றத்தின் முன் நிறுத்திய முதல் வழக்கு. மத்திய அமெரிக்க–டொமினிக்கன் குடியரசு ஒப்பந்தத்தின் 16-ஆம் அத்தியாயம், கையொப்பமிட்ட நாடு, வர்த்தகத்தைப் பாதிக்கும் வகையில், தன் தொழிற்சட்டங்களைச் செவ்வனே அமல்படுத்தத் தொடர்ந்து தவறலாகாது என விதித்திருந்ததை நம்பி, குவாத்தமாலாவின் தொழிற்சங்கங்களும் அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனமும் 2008-இல் வாஷிங்டனில் மனுச் செய்தன. சங்கம் சேர்ந்ததற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டோரை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு குவாத்தமாலாவின் நீதிமன்றங்களே உத்தரவிட்டும் முதலாளிகள் சட்டை செய்யவில்லை; அரசாங்கமும் வாளாவிருந்தது. ஒன்பதாண்டுத் தாமதத்துக்குப் பின், 2017 ஜூனில், மூவர் கொண்ட மன்றம் இவ்வுதாசீனத்தை எட்டுத் தொழிலிடங்களில் 74 தொழிலாளர் விஷயத்தில் மெய்யெனக் கண்டும், வர்த்தகத்தைப் பாதித்ததாக நிரூபணமானது ஓரிடத்தில் மட்டுமே, ஓரிடத்துத் தவறு தொடர்ச்சியான நடத்தையாகாது என்று கூறிக் குவாத்தமாலாவுக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தது. உரிமை பறிபோனது மெய், ஆயினும் பரிகாரமில்லை என்னும் இவ்விசித்திர நியாயம் பலத்த கண்டனத்துக்குள்ளாயிற்று. 2020-இல் அமலுக்கு வந்த அமெரிக்க–மெக்சிகோ–கனடா ஒப்பந்தம், வர்த்தகப் பாதிப்பு உண்டென்றே அனுமானித்து, இல்லையென நிரூபிக்கும் பாரத்தைப் பிரதிவாதி நாட்டின்மீதே சுமத்திற்று.